கூலிக்குக் கையை விற்றோம், நாவையுமா விற்றோம்?



2023ஆம் ஆண்டு டிசம்பர் மாதம். மாலை நேர மதரஸா வகுப்பு முடிந்து பிள்ளைகள் கலைந்து சென்றுகொண்டிருந்தனர். கிரிக்கெட் ஆட்டத்தில் மிகுந்த பற்றுடைய மாணவன் ஒருவன் மட்டும் தயங்கியபடி என் முன் வந்து நின்றான். "ஹஜ்ரத்! உஸ்மான் கவாஜா தம் காலணியில் எழுதியது சரியா, தவறா? சரிதான் என்று அத்தா சொல்கிறார். சம்பளம் வாங்குகிறவர் சட்டத்துக்குக் கட்டுப்படத்தான் வேண்டும் என்று பெரியத்தா சொல்கிறார்" என்றான்.

அந்தப் பிள்ளைக்கு ஒரே சொல்லில் விடை கூற என்னால் இயலவில்லை. ஒருவரிடம் ஊதியம் பெறும் மனிதன், தன் உள்ளத்தில் உண்மையெனப் பட்டதை வெளியிடும் உரிமையையும் அவரிடமே ஒப்படைத்து விடுகிறானா? விளையாட்டுக் களத்தில் எழுந்த இக்கேள்வி, சிந்தித்துப் பார்த்தால் நம் கடைவீதிக்கும் நம் வீட்டு வாசலுக்கும் உரிய கேள்வியாகும்.

எழுந்து நிற்க மறுத்த வீரர்

இக்கேள்விக்குப் பெரும் விலை கொடுத்த ஒரு முஸ்லிம் வீரரின் வரலாற்றை முதலில் காண்போம். அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் கல்ஃப்போர்ட் என்னும் ஊரில் 1969ஆம் ஆண்டு பிறந்தவர் கிறிஸ் ஜாக்சன். உறுப்புகள் தம்மையறியாமல் அசையும் டூரெட் என்னும் நரம்புக் குறைபாடு அவருக்கு இருந்தது. அக்குறையோடு போராடியே கூடைப்பந்தில் தேர்ச்சி பெற்றார். 1990இல் டென்வர் நகரத்து அணி அவரைத் தேர்ந்தெடுத்தது. 1991இல் இஸ்லாத்தைத் தழுவிய அவர், 1993இல் மஹ்மூத் அப்துர் ரவூஃப் எனத் தம் பெயரைச் சட்டப்படி மாற்றிக்கொண்டார். தண்ட எறிகளைத் தவறவிடாமல் கூடையில் சேர்ப்பதில் அந்நாட்டின் தலைசிறந்த வீரர்களுள் அவர் ஒருவர்.

அமெரிக்காவில் ஒவ்வோர் ஆட்டத்திற்கு முன்பும் தேசிய கீதம் இசைக்கப்படுகிறது. 1995-96ஆம் ஆண்டின் ஆட்டங்களில் அப்துர் ரவூஃப் அவ்வேளையில் எழுந்து நிற்பதைத் தவிர்த்து வந்தார். உடைமாற்றும் அறையில் தங்கிவிடுவார், அல்லது அமர்ந்திருப்பார். அவர் அதை விளம்பரப்படுத்தவில்லை. பல மாதங்கள் எவரும் அதைப் பொருட்படுத்தவும் இல்லை. செய்தியாளர்கள் கேட்டபோதுதான் அவர் காரணம் கூறினார். அந்தக் கொடி பலருக்கு விடுதலையின் சின்னமாக இருக்கலாம், ஆனால் ஒடுக்கப்பட்டோருக்கு அது ஒடுக்குமுறையின் சின்னமாகவும் இருக்கிறது என்பதும், இறைவனுக்கு மட்டுமே உரிய பணிவை வேறொன்றுக்குத் தம்மால் காட்ட இயலாது என்பதும் அவரது நிலையாயிருந்தது.

கீதம் ஒலிக்கும்போது வீரர்கள் கண்ணியமான முறையில் வரிசையில் நிற்க வேண்டும் என்பது என்.பி.ஏ. எனப்படும் கூடைப்பந்து அமைப்பின் விதி. 1996 மார்ச் 12ஆம் நாள் அவ்வமைப்பு அவரை ஊதியமின்றி இடைநீக்கம் செய்தது. ஆட விடாமல் தடுக்கப்படும் ஒவ்வோர் ஆட்டத்திற்கும் அவருக்கு 31,707 டாலர் இழப்பு. வீரர்களின் தொழிற்சங்கம் அவர் பக்கம் நின்றது. அதே வேளையில், அன்றைய புகழ்பெற்ற முஸ்லிம் வீரரான ஹக்கீம் ஒலாஜுவான், நல்ல முஸ்லிம் நல்ல குடிமகனாகவும் இருக்க வேண்டும் என்னும் கருத்தைக் கூறி அவரோடு மாறுபட்டார். ஆக, பள்ளிவாசலில் தோளோடு தோள் நிற்கக்கூடிய இருவரே இதில் இரு கருத்தினராயினர் என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

ஓர் ஆட்டத்தோடு இடைநீக்கம் முடிவுற்றது. எழுந்து நிற்பது, ஆனால் தலை குனிந்து, கண் மூடி, கைகளை ஏந்தி, ஒடுக்கப்பட்டோருக்காக துஆச் செய்வது என்னும் உடன்பாட்டிற்கு அப்துர் ரவூஃப் இசைந்தார். மார்ச் 15ஆம் நாள் சிகாகோ நகரில் கூட்டத்தாரின் கூச்சலுக்கு நடுவே அவர் அவ்வாறே நின்றார்.

பிரச்சினை அத்துடன் தீர்ந்ததா? இல்லை. அவ்வாண்டே டென்வர் அணி அவரை வேறோர் அணிக்கு மாற்றிவிட்டது. 1998இல் ஒப்பந்தம் முடிந்தபோது அவருக்கு வயது 29. விளையாட்டு வீரன் முழு வலிமையோடு இருக்கும் பருவம் அது. ஆயினும் அவர் துருக்கி நாட்டிற்குச் சென்று ஆட நேர்ந்தது. 2000-01இல் வான்கூவர் அணியில் ஆடியதோடு என்.பி.ஏ.வில் அவரது வாழ்வு முடிந்தது. 2001இல் மிசிசிப்பியில் இருந்த அவரது வீடு எரிந்து சாம்பலாயிற்று. அவர் பயின்ற லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம், 2020ஆம் ஆண்டில் அவரது 35ஆம் எண்ணை வேறெவருக்கும் வழங்குவதில்லை என நிறுத்தி அவரைச் சிறப்பித்தது. மரியாதை வந்தது, கால் நூற்றாண்டு கழித்து வந்தது.

சட்டம் என்ன சொல்கிறது?

பேச்சுரிமைக்குப் பெயர் பெற்ற நாடல்லவா அமெரிக்கா என்று நீங்கள் கேட்கலாம். 1943ஆம் ஆண்டிலேயே, அரசுப் பள்ளி மாணவர்களைக் கொடி வணக்கம் செய்யுமாறு கட்டாயப்படுத்தக் கூடாது என அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. 1989இல், எதிர்ப்பைத் தெரிவிப்பதற்காகக் கொடியை எரித்தவரைக்கூட அதற்காகத் தண்டிக்க முடியாது என்று கூறிவிட்டது. கொடியை எரித்தவருக்குத் தண்டனை இல்லாத நாட்டில், அமைதியாக அமர்ந்திருந்தவர் ஊதியம் இழந்தது எங்ஙனம்?

விடை எளிது. 1791இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சாசனத்தின் முதல் திருத்தம் அரசின் கையைத்தான் கட்டுகிறது. முதலாளியின் கையை அன்று. அரசு ஒருவனைப் பேசியதற்காகச் சிறையிலடைக்க இயலாது. ஆனால், தனியார் நிறுவனம் அவனை வேலையை விட்டு நீக்கினால் அந்தத் திருத்தம் துணைக்கு வாராது. வேறு தடை இல்லாதபோது எக்காரணத்திற்காகவும் பணியாளை நீக்கலாம் என்பதே அங்குப் பெரும்பாலான மாநிலங்களின் பொதுவிதி. கனெக்டிகட், கலிஃபோர்னியா போன்ற சில மாநிலங்கள் தனியார் துறைப் பணியாளரின் அரசியல் ஈடுபாட்டிற்கும் ஓரளவு பாதுகாப்பு வழங்கியுள்ளன.

அரசுப் பணியாளரின் நிலை சற்று வேறு. இல்லினாய் மாநிலத்தில் ஓர் ஆசிரியர், கல்விக்குழு பணத்தைச் செலவிடும் முறையைக் குறைகூறிச் செய்தித்தாளுக்குக் கடிதம் எழுதினார், வேலை போயிற்று. 1968இல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. பொதுநலன் பற்றிக் குடிமகனாகப் பேசும் உரிமை ஆசிரியருக்கும் உண்டு என்றது. ஆயினும் 2006இல் வேறொரு வழக்கில், அலுவலகக் கடமையின் பகுதியாகப் பேசுவதற்கும் எழுதுவதற்கும் அப்பாதுகாப்பு இல்லை என வரம்பிட்டது.

குத்துச்சண்டை வீரர் முஹம்மது அலீயின் வரலாறு இதை நன்கு விளக்கும். 1967 ஏப்ரல் 28ஆம் நாள் ஹூஸ்டன் நகரில், வியட்நாம் போருக்கான கட்டாய ராணுவச் சேவையில் சேர அவர் மறுத்தார். பட்டம் பறிக்கப்பட்டது. ஐந்தாண்டுச் சிறையும் 10,000 டாலர் அபராதமும் விதிக்கப்பட்டன. மூன்றரை ஆண்டுகள் அவர் போட்டி மேடை ஏற இயலவில்லை. ஆனால் உரிமத்தை மறுத்தது நியூயார்க் மாநில அரசின் ஆணையம். கொடிய குற்றங்களில் தண்டிக்கப்பட்ட பலருக்கு உரிமம் வழங்கிய ஆணையம் அலீக்கு மட்டும் மறுப்பது பாரபட்சம் என 1970இல் நீதிமன்றம் கண்டது. 1971 ஜூன் 28ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தண்டனையையே நீக்கிற்று. எதிரில் நின்றது அரசு. எனவே அலீக்குச் சட்டம் கைகொடுத்தது. அப்துர் ரவூஃபின் எதிரில் நின்றது முதலாளி.

நம் இந்திய நாட்டிலும் இதையொத்த வழக்கொன்று உண்டு. கேரளத்தில், கீதத்திற்கு மரியாதையாக எழுந்து நின்றும் சமயக் கொள்கையால் பாட மறுத்த மூன்று கிறித்தவப் பிள்ளைகள் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டனர். 1986இல் நம் உச்ச நீதிமன்றம் அப்பிள்ளைகளுக்குச் சார்பாகத் தீர்ப்பு வழங்கியது.

மண்டியிட்டவரும் காலணியில் எழுதியவரும்

இருபது ஆண்டுகள் கழித்து அதே காட்சி அமெரிக்கக் கால்பந்தாட்டத்தில் மீண்டும் அரங்கேறியது. 2016 ஆகஸ்டில் காலின் கேப்பர்னிக் என்னும் வீரர், கறுப்பின மக்கள் மீதான காவல்துறைக் கொடுமையைக் கண்டித்துக் கீதத்தின்போது அமர்ந்திருந்தார். முன்னாள் ராணுவ வீரர் ஒருவரோடு கலந்து பேசியபின், செப்டம்பர் 1ஆம் நாள் முதல் அமர்வதை விடுத்து ஒரு காலை மண்டியிட்டார். தம்மோடு மாறுபட்டவரின் மனத்தையும் கேட்டறிந்து தம் முறையை மாற்றிக்கொண்ட அப்பண்பு நாம் கவனிக்கத் தக்கது. 2017 மார்ச்சில் அவர் ஒப்பந்தத்திலிருந்து விலகினார். அதன்பின் எந்த அணியும் அவரை ஆட அழைக்கவில்லை. அணி உரிமையாளர்கள் கூடிப் பேசித் தம்மை ஒதுக்கினர் என்று, தொழிற்சங்க ஒப்பந்தத்தின் வழியே அவர் முறையிட்டார். 2019 பிப்ரவரியில் அது சமரசத்தில் முடிந்தது. பேச்சுரிமைச் சட்டம் செல்லாத இடத்தில் தொழிற்சங்க ஒப்பந்தமே அவருக்கு வழியாயிற்று. 2020 ஜூனில், ஜார்ஜ் ஃபிளாய்டின் கொலைக்குப் பின், வீரர்களின் குரலுக்கு முன்பே செவிசாய்க்காதது தவறு என அந்த அமைப்பின் தலைவரே ஒப்புக்கொண்டார்.

இனி, மாணவன் கேட்ட கவாஜா. ஆஸ்திரேலியாவுக்காக டெஸ்ட் ஆடிய முதல் முஸ்லிம் அவர். காஸாவில் குழந்தைகள் மடிந்துகொண்டிருந்த நாள்களில், பெர்த் நகரில் பாகிஸ்தானுக்கு எதிரான ஆட்டத்திற்கான பயிற்சியின்போது, எல்லா உயிர்களும் சமம், சுதந்திரம் மனித உரிமை என்னும் பொருள்பட எழுதிய காலணிகளை அணிந்தார். அரசியல் செய்திகளுக்கு இடமில்லை என்றது ஐ.சி.சி. ஆட்டத்தில் அவ்வெழுத்துகளை ஒட்டுத்தாளால் மறைத்துக்கொண்டு, கையில் கறுப்புப் பட்டை அணிந்தார். அதற்குக் கண்டனம் வந்தது. புறாவின் படத்தைக் கேட்டார், அதுவும் மறுக்கப்பட்டது. இறுதியில் தம் பெண்மக்களின் பெயர்களைக் காலணியில் எழுதிக்கொண்டு மெல்போர்ன் களத்தில் இறங்கினார். விதி மீறப்படவில்லை, ஆனால் அவர் சொல்ல வந்தது உலகெங்கும் புரிந்துவிட்டது!

எதிர்த்தரப்பின் வாதம்

எதிர்த்தரப்பில் நியாயமே இல்லை என்று கூறுவது நீதியாகாது. ஒருவருக்கு அனுமதித்தால் எல்லோருக்கும் அனுமதிக்க வேண்டும். நாளை ஒரு வீரர் நம் மனத்தைப் புண்படுத்தும் வாசகத்தோடு களமிறங்கினால் நாம் பொறுப்போமா? மேலும், செய்துகொண்ட ஒப்பந்தங்களை நிறைவேற்றுமாறு திருமறை நமக்குக் கட்டளையிடுகிறது. அதே மார்க்கம்தான், அநீதியிழைக்கும் அரசன் முன் சத்தியத்தை எடுத்துரைப்பது மிகச் சிறந்த அறப்போர் என்றும் போதிக்கிறது. ஒன்றைப் பற்றிக்கொண்டு மற்றதைக் கைவிடுதல் முறையன்று.

எனவே, இவ்விரண்டையும் இணைக்கும் சில கேள்விகளை நாம் கேட்டுக்கொள்ளலாம். அப்பேச்சு வேலையைக் கெடுக்கிறதா? பிறரை இழிவுபடுத்துகிறதா? விதி எல்லோருக்கும் ஒன்றுபோல் செயற்படுகிறதா? வேறு ஆட்டக்காரர்களின் சமயச் சின்னங்கள் அனுமதிக்கப்பட்டிருக்கும்போது தமக்கு மட்டும் தடை ஏன் என்றே கவாஜா கேட்டார். விதி இருப்பது அநீதியன்று. ஆளுக்கு ஆள் விதி மாறுவதே அநீதி. இறுதியாக, பேசுகிறவர் அதன் விலையைத் தாமே ஏற்க முன்வருகிறாரா? அப்துர் ரவூஃப் முன்வந்தார்.

நம் கடைக்குள் ஒரு கணம்

இதுவரை தொலைதூரத்து மனிதர்களைப் பற்றிப் பேசினோம். இனி, நம்மைப் பற்றி.

இளங்கலைப் பட்டம் பெற்ற புதிதில், மதரஸாப் பணிக்கு வருமுன், நான் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதினேன். முதலாளி நம்மவர், முதல் வரிசையில் நின்று தொழுபவர், ஸகாத்தைக் குறைவின்றிக் கொடுப்பவர். ரமலான் மாதத்தில் பெருநாள் வியாபாரம் நள்ளிரவு வரை நீளும். அங்கு வேலை பார்த்த இளைஞன் ஒருவன், கூடுதல் நேரத்திற்குக் கூலி தரப்படவில்லை என்று மற்றப் பணியாளர்கள் முன்னிலையில் சொல்லிவிட்டான். குரலை உயர்த்தவில்லை, மரியாதையோடுதான் சொன்னான். மறுநாள் அவனை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பெருநாளுக்கு இன்னும் ஒன்பது நாள்கள் இருந்தன.

அவன் சொன்னது உண்மையா, பொய்யா என்று அறிந்திருந்தவன் நான். பேரேடு என் கையில்தான் இருந்தது. உண்மைதான். ஆனால் நான் வாய் திறக்கவில்லை. அன்றிரவு தராவீஹ் தொழுகையில் அதே முதலாளிக்குப் பின்வரிசையில் நின்றேன். இமாம் ஓதியது எதுவும் என் நெஞ்சில் இறங்கவில்லை.

கவாஜாவுக்காகக் கைதட்டும் நாம், நம் கடைப் பையன் கேட்கும் கேள்விக்குச் செவி கொடுக்கிறோமா? அப்துர் ரவூஃபுக்காக வருந்தும் நாம், நம் பள்ளிவாசல் நிர்வாகத்தின் கணக்கில் ஐயம் எழுப்பும் முஅத்தினை அடுத்த மாதமும் பணியில் வைத்திருப்போமா? நம் வீட்டில் பாத்திரம் துலக்கும் பெண்மணி தன் குறையைக் கூறினால் அதை வாய்த்துடுக்கு என்கிறோமா, உரிமை என்கிறோமா? நமக்கே எதிரானதாயினும் நீதிக்குச் சாட்சியாக நில்லுங்கள் என்பது நமக்கு இடப்பட்ட கட்டளையல்லவா?

சட்டம் முதலாளியின் கையைக் கட்டாமல் விட்டிருக்கலாம். இறையச்சம் அதைக் கட்ட வேண்டும். பணியாளின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கப் பணித்த மார்க்கத்தில், அவன் வாய் திறக்குமுன் அதை மூடுவதற்கு இடமில்லை.

என் மாணவனுக்கு நான் சொன்ன விடை இதுதான்: "தம்பி! கவாஜா செய்தது சரியா என்பதை உன் அத்தாவும் பெரியத்தாவும் பேசித் தீர்த்துக்கொள்ளட்டும். நீ வளர்ந்து நாலு பேருக்குச் சம்பளம் கொடுக்கும் நிலைக்கு வரும்போது, அவர்களில் ஒருவன் உன் முன் நின்று பேசுவான். அப்போது இந்தக் கேள்வியை மீண்டும் நினைத்துப் பார்."

உண்மையைச் சொல்லும் துணிவையும், அதைவிட அரிதான, உண்மையைக் கேட்டுப் பொறுக்கும் உள்ளத்தையும் வல்ல நாயன் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.