இரண்டாவது பாட்டரி

வடக்கே படிக்க வந்த நம்மவர்க்கு விடுமுறை என்றால் லடாக் ஆசை எழுவது இயல்பு. மலைக்குச் செல்லும் வண்டியில் குளிர்பெட்டியும் விளக்கும் பொருத்த விரும்பும் நண்பர்கள் என்னிடம் இரண்டாவது பாட்டரியைப் பற்றிக் கேட்கின்றனர்.

இரவில் 5 ஆம்பியர் வீதம் 8 மணி நேரம் மின்சாரம் எடுத்தால், 40 ஆம்பியர்-மணி செலவாகும். 70 ஆம்பியர்-மணி பாட்டரியில் பாதிக்கு மேல் போயிற்று! உறைபனிக் காலையில், ஆளில்லாத இடத்தில், எஞ்சின் கிளம்பாவிட்டால் உயிருக்கே ஆபத்தன்றோ?

பழைய ஜீப்பில் இது எளிது. எஞ்சின் ஓடி, மின்னழுத்தம் சுமார் 13.3 வோல்ட்டை எட்டியதும் ஒரு ரிலே இரு பாட்டரிகளையும் இணைக்கும். 2020க்குப் பின் வந்த லாண்ட் ரோவர் டிஃபெண்டர் போன்ற மென்கலப்பு வண்டிகளின் முறை வேறு. பிரேக் பிடிக்கையில் விளையும் மின்சாரம் 48 வோல்ட் பாட்டரியில் சேரும்; அங்கிருந்து ஒரு மாற்றி 12 வோல்ட் பாட்டரிக்கு ஊட்டும். எரிபொருளைச் சிக்கனப்படுத்தக் கணிப்பொறி அவ்வழுத்தத்தைத் தாழ்த்துவதும் உண்டு. அப்போது ரிலே விலகிவிடும்; இரண்டாவது பாட்டரி பட்டினி கிடக்கும்.

ஆகவே ரிலேக்குப் பதில் டி.சி.-டி.சி. சார்ஜரே தகும். வரும் அழுத்தம் ஏறினும் இறங்கினும் அது வேண்டிய அழுத்தத்தைத் தரும். எஞ்சின் நின்றதும் இரண்டையும் பிரித்துவிடும். கம்பியின் இரு முனையிலும் பாட்டரிக்கு அருகே ஃபியூஸ் வேண்டும். எதிர்முனைக் கம்பியை வண்டியின் சட்டத்தில் இணைத்தால்தான் மின்னளவி சரியாகக் கணக்கிடும். 48 வோல்ட் பாட்டரியைத் தொடவே வேண்டா. லித்தியம் பாட்டரியை உறைநிலைக்குக் கீழே மின்னேற்றலாகாது. உள்ளே லித்தியம் உலோகமாய்ப் படிந்து கெடும். அதனை வண்டியின் உட்புறம் வைத்தல் நலம்.

குளிர்பெட்டி வெறுமையானால் பசிதான். முதல் பாட்டரி வெறுமையானால் வழியே இல்லை. அதைக் காப்பதே இரண்டாவதன் பணி.