கண்ணீர் அவிசுவாசம் அன்று

தீவிர நோய் ஒருவரைத் தாக்கும்போது அவருடைய குடும்பம் முழுவதுமே தளர்ந்துபோகிறது. அத்தகைய வேளைகளில் கிறிஸ்தவக் குடும்பத்தினர் பலர் தாழ்ந்த குரலில் மருத்துவரிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "டாக்டர், எங்கள் விசுவாசம் போதாததால்தான் இன்னும் குணமாகவில்லையா?" நோய் தரும் வேதனையைவிட இந்தக் குற்ற உணர்வு தரும் வேதனை சிலருக்குப் பெரிது.

யோவான் நற்செய்தியின் 11ஆம் அதிகாரத்தை நிதானமாக வாசித்துப் பாருங்கள். பெத்தானியாவைச் சேர்ந்த லாசரு இயேசுவின் அன்புக்குரியவர். ஆயினும் நோயுற்றார், இறந்தார். செய்தி கிடைத்தபின்னும் இயேசு இரண்டு நாள் தங்கியிருந்தே புறப்பட்டார். அவர் வந்தபோது லாசருவை அடக்கம்செய்து நான்கு நாள் ஆகியிருந்தது. நீர் முன்னமே வந்திருக்கலாகாதா என்னும் பொருள்பட மார்த்தாளும் மரியாளும் தனித்தனியே முறையிட்டனர். அதற்காக அவர் அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. லாசருவை எழுப்பப்போவதை அறிந்திருந்தும் அவரே கண்ணீர் விட்டார். ஆகவே, நோய் இறையன்பு விலகியதன் அடையாளமன்று. அழுகை அவிசுவாசமும் அன்று. 88ஆம் சங்கீதம் இருளைப் பற்றிய சொல்லோடுதான் முடிகிறது. ஆயினும் அது தேவனை நோக்கிய ஜெபமே.

குணமாவோம் என்னும் எதிர்பார்ப்பும் கிறிஸ்தவ நம்பிக்கையும் ஒன்றல்ல. எதிர்பார்ப்பு ஒவ்வொரு பரிசோதனை முடிவோடும் ஏறி இறங்கும். நம்பிக்கையோ கிறிஸ்துவின் உயிர்த்தெழுதலில் வேரூன்றியது. அதனால்தான் அது உண்மைக்கு அஞ்சுவதில்லை. நோயின் நிலையை நோயாளியிடம் முற்றிலும் மறைக்கும்போது அவர் பெரும்பாலும் அதை ஊகித்துக்கொண்டு தனிமையில் தவிக்கிறார். அவர் எவ்வளவு அறிய விரும்புகிறார் என்று மென்மையாகக் கேளுங்கள். மன்னிப்புக் கேட்கவும், நன்றி சொல்லவும், விடைபெறவும் அப்போதுதான் வழி பிறக்கும்.

ஜெபமும் மருந்தும் ஒன்றுக்கொன்று பகையல்ல. 1967ஆம் ஆண்டு லண்டனில் புனித கிறிஸ்டோபர் நல்வாழ்வகத்தைத் தொடங்கிய மருத்துவர் சிசிலி சாண்டர்ஸ் ஆழ்ந்த கிறிஸ்தவ விசுவாசி. உடல், மனம், சமூக உறவு, ஆன்மிகம் ஆகிய நான்கிலும் வலி உண்டு என்று அவர் கற்பித்தார். வலி நீக்கும் மருந்தை உரிய இடைவெளியில் தவறாமல் அளிக்கவும் வலியுறுத்தினார். மருத்துவர் குறித்த அளவில், குறித்த நேரத்தில் தரப்படும் மார்ஃபின் மரணத்தை விரைவுபடுத்துவதில்லை. வலியைப் பொறுத்துக்கொள்வதே விசுவாசம் என்று எண்ணி மருந்தை நிறுத்திவிடாதீர்கள்.

பராமரிப்பவர்களே, நோயாளியின் அருகில் நீண்ட ஜெபம் தேவையில்லை; கையைப் பற்றிக்கொண்டு ஓரிரு வாக்கியங்கள் சொன்னால் போதும். உங்கள் உணவையும் உறக்கத்தையும் புறக்கணிக்காதீர்கள். பிரிவு நேர்ந்தபின் துக்கத்திற்குக் காலக்கெடு வைக்காதீர்கள். உண்ணவோ உறங்கவோ இயலாத நிலை வாரக்கணக்கில் நீடித்தால் மருத்துவரிடமும் போதகரிடமும் சொல்லுங்கள். வாழ்வை முடித்துக்கொள்ளும் எண்ணம் எழுந்தால் ஒரு நாளும் தாமதியாமல் உதவி நாடுங்கள். மார்த்தாளையும் மரியாளையும் தேற்ற அன்று அயலார் பலர் வந்திருந்தனர். துக்கத்தைத் தனியே சுமக்கும்படி நாமும் அழைக்கப்படவில்லை.