மூட மறுக்கும் செய்நிரல்: உறைநிலை பற்றிய ஒரு விளக்கம்

கணினியிற் பணிபுரிவோர் அனைவரும் எதிர்கொள்ளும் தோற்றப்பாடு ஒன்றுண்டு. எழுதிக்கொண்டிருந்த கட்டுரை திரையில் அப்படியே நிற்கும். விசையை அழுத்தினால் எழுத்து விழாது. சாளரத்தின் மூலையிலுள்ள பெருக்கற்குறியை எத்தனை முறை அழுத்தினும் சாளரம் மூடாது. சிறிது நேரத்தில் அது வெளிறிப்போக, "பதிலளிக்கவில்லை" என்று பொருள்படும் ஆங்கிலத் தொடர் அதன் தலைப்பிலே தோன்றும். செய்நிரல் "இறுகிவிட்டது" என்றும் "மூட மறுக்கிறது" என்றும் நாம் கூறுகிறோம்.

இச்சொல்லாட்சி நுணுகி நோக்கத்தக்கது. மறுத்தல் விருப்பாற்றல் உடையோர்க்குரிய வினை. மனிதர் ஆக்கிய கருவியொன்றின்மீது அதனை ஏற்றிக் கூறும்பொழுது, மனிதரிடையேயான உறவுகள் பொருள்களின் இயல்புகளாகத் தோற்றங்காட்டுகின்றன. 1867இல் வெளிவந்த 'மூலதனம்' முதற் பாகத்தில் மார்க்ஸ் பண்ட வழிபாடு எனச் சுட்டிய மயக்கத்துக்கு இது அயலானதன்று. உண்மையில், உறைநிலை என்பது தனியொரு செய்நிரலின் குணமன்று. செய்நிரலுக்கும், பணிசெயல் முறைமைக்கும், நினைவகம், வன்தட்டு, வலையமைப்பு முதலாய வளங்களுக்குமிடையே தோன்றும் ஓர் உறவுநிலையே அது. ஆதலின், "இதனை எவ்வாறு ஒழிப்பது?" என்பதற்கு முன்னர், "இது எதற்காகக் காத்திருக்கிறது?" என்ற வினா எழுப்பப்படவேண்டும். சேமிக்கப்படாத உழைப்பு மீளுமா அழியுமா என்பது பெரும்பாலும் இவ்வொழுங்கிலேயே தங்கியுள்ளது.

1. மூடுதல் ஒரு விண்ணப்பமே

பெருக்கற்குறியை அழுத்துதல் ஒரு கட்டளை என்றே பலரும் கருதுவர். அது கட்டளையன்று, விண்ணப்பமே. வின்டோஸ் போன்ற முறைமைகளில் ஒவ்வொரு சாளரச் செய்நிரலுக்கும் ஒரு செய்தி வரிசை உண்டு. விசையழுத்தம், சுட்டியின் அசைவு, சாளரத்தை மீள வரையும் பணி ஆகிய யாவும் செய்திகளாக அவ்வரிசையிற் சேரும். செய்நிரல் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து நிறைவேற்றும். "மூடுக" என்பதும் அவ்வரிசையிற் சேரும் செய்திகளுள் ஒன்று.

இவ்வேற்பாடு காரணமின்றி வகுக்கப்பட்டதன்று. மூடுமுன் "சேமிக்கவேண்டுமா?" எனக் கேட்பதற்கும், திறந்த கோப்புகளை ஒழுங்காக முடிப்பதற்கும் செய்நிரலுக்கு வாய்ப்பளிக்கப்படுகிறது. ஆயின் வரிசையைக் கவனிக்கவேண்டிய பகுதியே வேறொரு பணியிற் சிக்குண்டால் விண்ணப்பம் படிக்கப்படாமற் கிடக்கும். இங்கு மறுப்பு யாதுமில்லை. மனுவைப் பிரிப்பதற்கு ஆளில்லை என்பதே உண்மை.

2. ஐந்து செக்கன் தீர்ப்பு

ஏறத்தாழ 5 செக்கன் வரை ஒரு சாளரம் தன் வரிசையைக் கவனியாதிருப்பின், வின்டோஸ் அதனைப் பதிலளிக்காத ஒன்றாகக் கொண்டு, அதன் இடத்தில் அதனையொத்த போலிச் சாளரமொன்றை நிறுத்துகிறது. நாம் காணும் வெளிறிய சாளரம் அதுவே.

இத்தீர்ப்பு ஒரு வழக்காறேயன்றி அறிவியல் முடிபன்று. எந்தச் செய்நிரலை எடுத்துக்கொண்டாலும் அது என்றேனும் ஓயுமா ஓயாதா என்று கூறிவிடத்தக்க பொதுவழி எதுவும் இருத்தலியலாது என அலன் ரியூறிங் 1936இல் நிறுவினார். நீண்ட கணிப்பில் ஈடுபட்டிருக்கும் செய்நிரலையும், முடிவற்ற சுழற்சியில் அகப்பட்ட செய்நிரலையும் வெளியிலிருந்து ஐயமறப் பிரித்தறியும் பொதுக்கருவி முறைமையிடம் இல்லை.

எனவே "பதிலளிக்கவில்லை" என்ற ஒரே பெயரின் கீழ் வேறுபட்ட நிலைகள் அடங்குகின்றன. முதலாவது, பெரிய கோப்பொன்றைத் திறத்தல் போன்ற மெய்யான பணி நடைபெறும் நிலை. இரண்டாவது, வலையமைப்பிலுள்ள கோப்பு, அச்சுப்பொறி போன்ற புறவளத்துக்காகக் காத்திருக்கும் நிலை. மூன்றாவது, முடிவற்ற சுழற்சி. நான்காவது, ஒன்றையொன்று எதிர்பார்த்து எதுவும் நகராத முட்டுநிலை. முதலிரண்டில் பொறுமை பயன் தரக்கூடும். பின்னிரண்டில் அது வீண்.

3. முட்டுநிலையின் நான்கு நிபந்தனைகள்

முட்டுநிலை தோன்றுவதற்கு நான்கு நிபந்தனைகள் ஒருங்கே நிலவவேண்டுமென்று கொஃப்மன், எல்ஃபிக், ஷொஷானி ஆகிய மூவரும் 1971இல் வெளியிட்ட ஆய்வில் விளக்கினர். ஒரு வளத்தை ஒரு நேரத்தில் ஒருவரே கொள்ளமுடிதல். ஒன்றைப் பிடித்துக்கொண்டே இன்னொன்றைக் கோருதல். பிடித்ததை வலிந்து பறிக்க முடியாதிருத்தல். காத்திருப்போர் ஒருவர்பின் ஒருவராக ஒரு வட்டமாதல் என்பன அவை. இவற்றுள் ஒன்று இல்லாதொழியினும் முட்டுநிலை தோன்றாது.

இந்நிபந்தனைகளிற் சமுதாய உடைமை உறவுகளின் சாயலைக் காண விழைவோர் இருப்பர். கணினியின் உள்ளமைப்பைச் சமுதாயத்தின் நேர்ப் பிரதிபலிப்பாகக் கொள்ளுதல் கொச்சைப் பொருள்முதல்வாதமாகவே முடியும். எனினும், இவ்வாய்விலிருந்து ஒரு முறையியற் பாடம் கிடைக்கிறது. இங்கு தனித்தனியே நோக்கின் ஒவ்வொரு செய்நிரலும் விதிப்படியே நடந்திருக்கலாம். தவறு அவற்றின் தொடர்பிலேயே பிறக்கிறது. ஆதலால் தனிநிலையில் ஆராய்ந்து அதனைக் கண்டறிதல் அரிது.

4. அறிவும் அங்காடியும்

ஒரு செய்நிரல் உறைந்தால் கணினி முழுவதுமே உறைந்த காலம் ஒன்றிருந்தது. 1992இல் வெளிவந்த வின்டோஸ் 3.1இல், ஒரு செய்நிரல் தானாக விட்டுக்கொடுத்தாலன்றி ஏனைய செய்நிரல்களுக்குப் புரொசெசர் கிடைக்காது. விட்டுக்கொடாத ஒன்று அனைத்தையும் முடக்கியது. நேரத்தைப் பங்கிட்டு, தவணை முடிந்ததும் புரொசெசரை வலிந்து மீட்கும் முறை அக்காலத்தில் அறியப்படாததா? இல்லை. ஃபெர்னாண்டோ கொர்பாட்டோவும் அவர்தம் குழுவினரும் எம்.ஐ.ரி. நிறுவனத்தில் 1961இலேயே நேரப்பகிர்வு முறைமையை இயக்கிக்காட்டினர்.

வீட்டுக் கணினிகளின் வலுக்குறைவே இத்தாமதத்துக்குக் காரணமென்பர். ஒரு செய்நிரல் மற்றொன்றின் நினைவகத்தைக் கெடுக்காது காக்கும் வசதி ஐபிஎம் நிறுவனத்தின் முதற் தனியாட் கணினியின் புரொசெசரில் இருக்கவில்லை என்பது மெய்யே. ஆயின் இக்காரணம் முழுமையானதன்று. 1984இன் மக்கின்ரொஷும் 1985இன் அமிகாவும் மொட்டரோலா 68000 என்ற ஒரே புரொசெசரைக் கொண்டிருந்தன. அமிகா செய்நிரல்களிடமிருந்து புரொசெசரை வலிந்து மீட்டது. மக்கின்ரொஷ் பாவனையாளர்க்கோ இவ்வசதி 2001இன் மக் ஓஎஸ் எக்ஸுடனேயே முழுமையாகக் கிட்டியது. முன்னர் விற்கப்பட்ட செய்நிரல்கள் தொடர்ந்து இயங்கவேண்டும் என்ற வணிகத் தேவையும் அடிப்படையை மாற்றுவதற்குத் தடையாயிருந்தது. தீர்வு அறியப்பட்ட காலத்துக்கும் அது வெகுசனங்களின் மேசைக்கு வந்த காலத்துக்கும் இடைப்பட்ட தூரத்தைத் தொழினுட்பத்தால் மாத்திரம் விளக்கிவிட முடியாது.

கொன்ட்ரோல், ஆல்ட், டிலீட் ஆகிய மூன்று விசைகளையும் ஒருங்கே அழுத்தும் வழக்கமும் இங்கு நினைவுகூரத்தக்கது. 1981இன் ஐபிஎம் கணினியை ஆக்கிய பொறியியலாளருள் ஒருவரான டேவிட் பிராட்லி, ஆக்குநர்களின் வசதிக்காகவே இதனை வகுத்தார். பொதுப் பாவனைக்கென எண்ணப்படாத ஒன்று கோடிக்கணக்கானோரின் அன்றாடச் சடங்காயிற்று.

5. நடைமுறையிற் செய்யவேண்டியன

மேற்கூறிய விளக்கத்திலிருந்து நடைமுறை ஒழுங்கொன்று பெறப்படுகிறது.

முதலில், கையை எடுக்கவேண்டும். பொறுமையிழந்து அழுத்தும் விசைகள் வரிசையிற் சேர்ந்து, செய்நிரல் விழித்ததும் ஒன்றன்பின் ஒன்றாக நிறைவேறக்கூடும். "சேமிக்கவேண்டுமா?" என்ற வினாவுக்கு நாமறியாமலே "வேண்டாம்" என்ற விடை சென்றுவிடலாம்.

இரண்டாவதாக, திரையிற் தெரியும் சேமிக்கப்படாத பகுதியைக் கைத்தொலைபேசியாற் படமெடுத்தல் நன்று. எளிய இச்செயல் ஒரு பக்க உழைப்பையேனும் காக்கும்.

மூன்றாவதாக, ஆல்ட், டாப் விசைகளை அழுத்தி, மறைந்துநிற்கும் சிறு வினாச்சாளரம் ஏதும் உண்டா எனப் பார்க்கவேண்டும். பின்னால் மறைந்திருக்கும் வினாவொன்றுக்கு விடைவேண்டியே செய்நிரல் பல வேளைகளில் நிற்கிறது.

நான்காவதாக, கொன்ட்ரோல், ஷிஃப்ற், எஸ்கேப் விசைகளை ஒருங்கே அழுத்தி டாஸ்க் மனேஜரைத் திறக்கவேண்டும். செய்நிரல் புரொசெசரைப் பெருமளவிற் பயன்படுத்துமாயின், அது கணிப்பிலோ சுழற்சியிலோ உள்ளது. சில நிமிடம் பொறுத்துப் பார்க்கலாம். வன்தட்டுப் பயன்பாடு உயர்ந்திருப்பின் கோப்பொன்று எழுதப்படுகிறது எனக் கொள்ளலாம். அவ்வேளை குறுக்கிடுதல் தீது. எதுவுமே அசையாதிருப்பின் அது புறவளமொன்றுக்காகக் காத்திருக்கவோ முட்டுநிலையில் இருக்கவோ கூடும். அறுந்த வலையமைப்பை இணைத்தலோ, அச்சுப்பொறியை இயக்குதலோ அதனை விடுவிக்கக்கூடும். வின்டோஸ் 10, 11 ஆகியவற்றில், விபரப் பகுதியிற் செய்நிரலின் பெயர்மீது வலப்பக்கச் சொடுக்குச் செய்தால், காத்திருப்புச் சங்கிலியைக் காட்டும் வசதியும் கிடைக்கும்.

ஐந்தாவதாக, இவை பயனளியாதவிடத்தே கட்டாயமாக முடிக்கவேண்டும். இரு படிநிலைகளின் வேறுபாட்டை லினக்ஸ் தெளிவாகக் காட்டுகிறது. 15ஆம் இலக்கச் சமிக்ஞை செய்நிரலை ஒழுங்காக முடியுமாறு கேட்கும். அது வேலை செய்யாவிடில் மட்டுமே 9ஆம் இலக்கம் அனுப்பப்படவேண்டும். பின்னையதைச் செய்நிரல் தடுக்கவோ புறக்கணிக்கவோ இயலாது; சேமிக்கும் வாய்ப்பும் அதற்கில்லை. மக் கணினியில் கொமாண்ட், ஒப்ஷன், எஸ்கேப் ஆகிய விசைகள் கட்டாயமாக முடிக்கும் பட்டியலைத் திறக்கும்.

9ஆம் இலக்கத்துக்கும் அசையாதன உண்டு. வன்பொருளின் விடைக்காகக் கருநிலை முறைமையின் உள்ளே இடைமறிக்க முடியாதவாறு காத்திருக்கும் செய்நிரல், அவ்விடை வரும்வரை முடியாது. வேறுசில முன்னரே முடிந்தவை. தம்மைத் தோற்றுவித்த தாய்ச் செய்நிரல் கணக்குத் தீர்க்காமையால் பட்டியலிற் பெயரளவில் எஞ்சுபவை. இவற்றை மீண்டும் கொல்வதற்கில்லை; தாய்ச் செய்நிரலையே கவனிக்கவேண்டும். மின்விசையை அழுத்திப் பிடித்துக் கணினியை நிறுத்துதல், பாதி எழுதப்பட்ட கோப்புகளைச் சிதைக்கக்கூடுமாதலால், கடைசி வழியாகவே அமையவேண்டும்.

மீளத் திறந்தபின், வேர்ட் போன்ற செய்நிரல் மீட்டுத்தரும் பிரதியை உடனே வேறு பெயரிற் சேமித்தல் வேண்டும். வேர்ட் இயல்பாக 10 நிமிடத்துக்கு ஒருமுறையே மீட்புப் பிரதி எடுக்கும். இவ்விடைவெளியைக் குறைத்துக்கொள்வது நம் கையில் உள்ளது.

6. மீள இயக்குதல் விளக்கமாகாது

உறைவு மறைந்ததும் பிரச்சினை தீர்ந்தது எனக் கொள்வது வழமை. 1997 ஜூலை 4இல் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் விண்கலத்தின் கணினி, அதன்பின் தன்னைத்தானே திரும்பத்திரும்ப மீள இயக்கிக்கொண்டது. அங்கு சென்று விசையை அழுத்துவார் யாருமிலர். பொறியியலாளர் புவியிலிருந்த ஒத்த கணினியில் அந்நிலையை மீள உருவாக்கிப் பார்த்தபோது காரணம் புலப்பட்டது. முன்னுரிமை குறைந்த வானிலைப் பணியொன்று பிடித்திருந்த வளத்துக்காக, முன்னுரிமை மிக்க பணியொன்று காத்திருந்தது. இடைத்தரப் பணிகளோ வானிலைப் பணியை முடிக்கவிடவில்லை. ஒரு வளத்தைப் பிடித்திருக்கும் பணிக்கு அதற்காகக் காத்திருப்பதன் முன்னுரிமையைத் தற்காலிகமாக வழங்கும் ஏற்பாடு மென்பொருளில் ஏற்கெனவே இருந்தது. அதனைச் செயற்படுத்தியதும் பிரச்சினை நீங்கியது.

விண்கலத்துக்குக் கிடைத்த இவ்விசாரணை நம் மேசைக் கணினிக்குக் கிடைப்பதில்லை. பெரும்பாலான வணிக மென்பொருள்களின் மூலநிரல் பாவனையாளருக்குத் திறக்கப்படாதது. வின்டோஸ் 95, 98 ஆகியவற்றில் ஒரு செய்நிரல் முறிந்தபோது, அது சட்டவிரோதச் செயலொன்றைப் புரிந்ததாக அறிவிக்கப்பட்டது. அம்மொழியிற் குற்றவாளி செய்நிரல், சாட்சி பாவனையாளர். அதனை எழுதியவரும், எழுதுவதற்கு அளிக்கப்பட்ட கால எல்லையும், அவ்வெல்லையை வகுத்த நிறுவனமும் வாக்கியத்தில் இடம்பெறவில்லை. "பதிலளிக்கவில்லை" என்பதும் அத்தகையதே. இழந்த மணித்தியாலங்கள் எவருடைய கணக்கிலும் ஏறுவதில்லை.

ஆதலின், உறைந்த செய்நிரலை முடிக்கும் முன்னர், எப்பணியின்போது, எக்கோப்பைத் திறந்தபோது, எவ்வளத்துக்காகக் காத்திருந்தபோது அது நிகழ்ந்தது என்பதைக் குறித்துவைத்தல் பயனுடையது. மூலநிரல் திறந்த மென்பொருளாயின், அக்குறிப்பு ஆக்குநர் குழுவுக்கு நேரே பயன்படும். ஏனையவற்றில், நிறுவனத்திடம் விளக்கம் கோருவதற்கேனும் ஆதாரமாகும். தனியாளின் எரிச்சலாக முடிந்துபோவது, பலருடைய குறிப்புகள் ஒன்றுசேருமிடத்தே காரணம் அறியும் அறிவாக மாறுகிறது.