எரிந்த ஹீட்டர், அடைத்த ஜன்னல்

குளிரே தெரியாத ஊரிலிருந்து குளிர் பிரதேசத்துக்குப் போகிறவர்களுக்கு, அறையைச் சூடாக்கும் கேஸ் ஹீட்டர் ஒரு புதுப் பொருள். அதைச் சரிபார்க்க வேண்டியது யார்?

திருவனந்தபுரத்தில் வீட்டைச் சூடாக்க யாரும் காசு செலவழிப்பதில்லை. டிசம்பர், ஜனவரி இரவுகளில்கூட வெப்பநிலை 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். கடைகளில் மின்விசிறிகள் வகைவகையாகக் கிடைக்கும். கேஸில் எரியும் அறை ஹீட்டர் வேண்டுமென்றால் கடைக்காரர் விழிப்பார். அப்படிப்பட்ட ஊரில் 2020 ஜனவரி 21ஆம் தேதி பேச்செல்லாம் அந்த ஹீட்டரைப் பற்றியதாக இருந்தது.

நேபாளத்துக்குச் சுற்றுலா போன 15 பேர் கொண்ட மலையாளிகள் குழு ஒன்று, பொக்காராவைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில் தாமன் என்ற மலையூரில் முந்தைய நாள் இரவு தங்கியது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,300 மீட்டர் உயரம். ஜனவரிக் குளிர். எட்டுப் பேர் ஒரே அறையில் படுத்தார்கள். அறையில் கேஸ் ஹீட்டர் எரிந்தது. கதவும் ஜன்னல்களும் உட்புறமாகத் தாழிடப்பட்டிருந்ததாக விடுதித் தரப்பு பின்னர் கூறியது. காலையில் எட்டுப் பேரும் நினைவிழந்து கிடந்தார்கள். ஹெலிகாப்டரில் காத்மாண்டுக்குக் கொண்டு போயும் ஒருவரும் பிழைக்கவில்லை. இறந்தவர்களில் ஐந்து பேர் திருவனந்தபுரம் மாவட்டத்துக் குடும்பம் ஒன்றைச் சேர்ந்தவர்கள்: கணவன், மனைவி, மூன்று குழந்தைகள். மற்ற மூவர் கோழிக்கோட்டுத் தம்பதியும் அவர்களுடைய குழந்தையும். மூச்சுத்திணறலே காரணம் என்று சந்தேகிக்கப்பட்டது. நேபாள சுற்றுலாத் துறை விசாரணைக் குழு அமைத்தது.

அடுத்த சில நாட்களுக்குக் கேட்ட கேள்வியையே எல்லோரும் திரும்பத் திரும்பக் கேட்டார்கள்: படித்தவர்கள் ஜன்னலை ஏன் திறந்து வைக்கவில்லை? நியாயமான கேள்வி போலத் தோன்றும். ஆனால் பூஜ்யத்தை ஒட்டிய குளிரில், குழந்தைகளை வைத்துக்கொண்டு, ஹீட்டரையும் போட்டுவிட்டு ஜன்னலைத் திறக்க யாருக்கும் கை வராது. கேட்க வேண்டிய கேள்வி வேறு. ஜன்னல் மூடினால் ஆளைக் கொல்லக்கூடிய கருவி படுக்கையறைக்குள் எப்படி வந்தது?

கேஸ் எரியக் காற்று வேண்டும் என்பது தெரிந்ததுதான். எவ்வளவு வேண்டும் என்பதில்தான் ஆச்சரியம். ஒரு பங்கு புரோப்பேன் எரிந்து முடிக்க சுமார் 24 பங்கு காற்று தேவை. பியூட்டேனுக்கு 31 பங்கு. நம் சிலிண்டரில் இருப்பது இந்த இரண்டின் கலவை. 12 அடிக்கு 12 அடி அறையில் 4 கிலோவாட் ஹீட்டர் ஒன்று எரிவதாக வைத்துக்கொள்ளுங்கள். அது ஒரு மணி நேரத்தில் சுமார் 300 கிராம் கேஸை விழுங்கும். துளிக்கூடக் காற்று புகாதபடி அறையை அடைத்திருந்தால், 21 சதவீதமாக இருந்த ஆக்சிஜன் அந்த ஒரு மணி நேரத்திலேயே 19 சதவீதத்துக்கு இறங்கிவிடும். தாமன் போன்ற உயரத்தில் காற்றின் அழுத்தமே கால் பங்கு குறைவு என்பதால், அங்கே 18ஐத் தொடும். எந்த அறையும் அவ்வளவு இறுக்கமாக இருப்பதில்லை என்பது ஆறுதல். குளிருக்குப் பயந்து இடுக்குகளில் துணி செருகும் பழக்கம் உண்டு என்பது ஆறுதல் இல்லை.

ஆக்சிஜன் குறைந்ததும் சுடர் அணைந்துவிட்டால் பிரச்னை பாதி தீர்ந்தது. அது அணைவதில்லை. நீலமாக எரிந்தது மஞ்சளாகி, சோம்பி, அரைகுறையாக எரிகிறது. கார்பன் டைஆக்சைடு வர வேண்டிய இடத்தில் கார்பன் மோனாக்சைடு வருகிறது. நிறம் இல்லை, மணம் இல்லை, கண் எரிச்சல் இல்லை. ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுகப் பிடித்துக்கொள்ளும். காற்றில் பத்து லட்சத்தில் 200 பங்கு இருந்தால் இரண்டு மூன்று மணி நேரத்தில் தலைவலி. 1,600 பங்கு இருந்தால் 20 நிமிடத்தில் தலைசுற்றலும் குமட்டலும், ஓரிரு மணி நேரத்தில் மரணம். தூங்குகிறவருக்குத் தலைவலி தெரியாது.

இதில் ஒரு விபரீதமான முரண் இருக்கிறது. கேஸ் கசிந்தால் நாறும். 1937 மார்ச் 18ஆம் தேதி அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், நியூ லண்டன் என்ற ஊரின் பள்ளிக்கூடம் வெடித்துச் சிதறி சுமார் 300 பேர், பெரும்பாலும் பிள்ளைகள், இறந்தார்கள். கட்டடத்தைச் சூடாக்க வகுப்புக்கு வகுப்பு வைத்திருந்த ஹீட்டர்களுக்கு வந்த கேஸ், மணமே இல்லாமல் தரைக்கு அடியில் சேர்ந்திருந்தது. அதற்குப் பிறகுதான் கேஸில் நாற்றமடிக்கும் மெர்காப்டன் கலப்பது கட்டாயமாகத் தொடங்கியது. நம் சமையலறை மூக்குக்குப் பழகிய வாசனை அதுதான். ஆனால் எரிந்த பிறகு அந்த வாசனையும் எரிந்துவிடுகிறது. எரியாத கேஸ் எச்சரிக்கும்; மோசமாக எரிந்த கேஸ் எச்சரிக்காது.

குளிர் நாடுகள் இதைப் பல சாவுகளுக்குப் பிறகு கற்றன. அங்கே பெரும்பாலான வீட்டு ஹீட்டர்களில் சுடர் அறைக்குள் எரிவதில்லை. டொரொண்டோவின் ஸ்கார்பரோவில் இருக்கும் தமிழர் வீடுகளில் 'ஃபர்னஸ்' என்று சொல்லப்படும் பெட்டி பேஸ்மென்டில் நிற்கும். கேஸ் ஓர் உலோக அறைக்குள் எரிந்து, புகை குழாய் வழியே வெளியே போய்விடும். வீட்டுக் காற்று அந்த உலோகத்தின் வெளிப்புறத்தைத் தடவிச் சூடேறி, குழாய்கள் வழியாக அறை அறையாகப் போகும். சுடர் தொட்ட காற்றும் மனிதர் சுவாசிக்கும் காற்றும் ஒன்றையொன்று சந்திப்பதில்லை. உலோகத்தில் விரிசல் விழாதவரை, புகைக் குழாய் அடைபடாதவரை.

அந்த இரண்டு 'வரை'களுக்காகத்தான் அங்கே மெக்கானிக்குக்கு லைசென்ஸ். புதிய ஃபர்னஸை மாட்டிவிட்டு சுவிட்சைப் போட்டுப் போய்விட முடியாது. முதலில் குழாயில் கசிவு உண்டா என்று சோதிப்பார். பிறகு பர்னருக்குப் போகும் கேஸின் அழுத்தத்தை அளந்து வைப்பார்: வட அமெரிக்க வழக்கப்படி இயற்கை எரிவாயுவுக்கு மூன்றரை அங்குல நீர் அழுத்தம், புரோப்பேனுக்கு சுமார் பத்து அங்குலம். உள்ளே போகும் காற்றுக்கும் வெளியே வரும் காற்றுக்கும் எத்தனை டிகிரி வித்தியாசம் என்று பார்ப்பார். அது பெட்டியில் ஒட்டியிருக்கும் அளவுக்குள் இருக்க வேண்டும். கூடினால் காற்று போதவில்லை, உலோகம் காய்ந்து வெடிக்கும். குறைந்தால் உள்ளே நீர் கோத்து அரிக்கும். விசிறி நின்றால் சுடர் தானாக அணைகிறதா என்பதையும் பார்த்தாக வேண்டும். கடைசியில் புகைக் குழாயில் கருவியை நுழைத்து மோனாக்சைடை அளப்பார். இத்தனையும் எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் வேலை முடிந்தது.

கேஸ் மாறினால் இதெல்லாம் மறுபடி முதலிலிருந்து. பிரிட்டனில் 1967 முதல் 1977 வரை நகர வாயுவிலிருந்து வடகடல் இயற்கை எரிவாயுவுக்கு மாறியபோது வீடு வீடாகப் போய் சுமார் நான்கு கோடி சாதனங்களின் பர்னர்களை மாற்றினார்கள். கொச்சி புதுவைப்பு முனையத்திலிருந்து லாரியில் வரும் எரிவாயு திருவனந்தபுரத்து வீடுகளுக்குக் குழாயில் போகும்போது, அடுப்பின் ஜெட்டைக் கழற்றி வேறு ஜெட் போடுவதும் இதே காரணத்துக்காகத்தான். மீத்தேனுக்குக் காற்று குறைவாகப் போதும், அதன் சூடும் குறைவு. ஓட்டை பெரிதாக இருக்க வேண்டும். குழாய் கேஸுக்குப் போட்ட பெரிய ஜெட்டில் சிலிண்டர் கேஸை விட்டால் சுடர் மஞ்சளாக எழும்பிப் பாத்திரம் கரிபிடிக்கும். ஹீட்டரானால் அறையே கரிபிடிக்கும்.

உயரம் மாறினாலும் அப்படித்தான். அமெரிக்க விதி 2,000 அடிக்கு மேலே உள்ள இடங்களில் ஒவ்வொரு ஆயிரம் அடிக்கும் 4 சதவீதம் வீதம் கேஸைக் குறைக்கச் சொல்கிறது. தாமனின் உயரத்துக்குக் கணக்கிட்டால் 30 சதவீதம். சமவெளிக்காகச் செய்த ஹீட்டரை அப்படியே மலையில் ஏற்றி எரித்தால், காற்றுக்கு மிஞ்சிய கேஸ் உள்ளே போகிறது என்று பொருள். சக்கரம் வைத்த சிறு ஹீட்டர்களில், ஆக்சிஜன் 18 சதவீதத்தை ஒட்டி இறங்கினால் தானே அணையும் சென்சார் ஒன்று உண்டு. ஆனால் மெல்லிய மலைக்காற்றில் அது தேவையில்லாமலும் அணைக்கும். 7,000 அடிக்கு மேல் அணைந்துவிடக்கூடும் என்று சில கையேடுகளே எச்சரிக்கின்றன. அடிக்கடி அணைந்தால் விருந்தாளி குறை சொல்வார். குறையைத் தீர்க்கச் சுலபமான வழி, சென்சாரைக் கழற்றிப் போடுவது.

வெளிநாட்டு வீடுகளிலும் ஆபத்து தீர்ந்துவிடவில்லை. 2008 டிசம்பரில் கனடாவின் வுட்ஸ்டாக்கில் கேஸ் கணப்பின் புகைவழி அடைபட்டு ஒரு குடும்பத்தில் நால்வரும் இறந்தார்கள். அதன் விளைவாக 2013இல் ஒன்டாரியோ தனிச் சட்டமே இயற்றி, வீடுகளில் மோனாக்சைடு அலாரத்தைக் கட்டாயமாக்கியது. இங்கிலாந்தில் வாடகை வீட்டு கேஸ் சாதனங்களை ஆண்டுதோறும் பதிவுபெற்ற மெக்கானிக்கைக் கொண்டு சோதித்து, அந்தச் சான்றின் நகலைக் குடியிருப்பவருக்குத் தர வேண்டியது வீட்டுக்காரரின் கடமை. 2022 அக்டோபர் 1 முதல், சமையல் அடுப்பு தவிர வேறு எரிசாதனம் பொருத்தியுள்ள வாடகை அறைகளில் அலாரமும் கட்டாயம்.

திருவனந்தபுரம் தைக்காட்டில் தலைமையகம் கொண்ட நோர்க்கா ரூட்ஸ் வழியாக பிரிட்டனுக்குப் போகும் நர்ஸுகளுக்கு இந்த விவரம் சம்பள விவரத்துக்குச் சமமான முக்கியத்துவம் உள்ளது. வேல்ஸ் அரசுடன் 2024இல் ஒப்பந்தம் ஆகியிருக்கிறது, போகிறவர்கள் கூடுவார்கள். பழைய வாடகை வீட்டில் நாலைந்து பேராகச் சேர்ந்து தங்கி, கேஸ் பில்லைப் பார்த்துப் பயந்து, குளிர் வரும் காற்றுத் துளையைக் காகிதம் ஒட்டி மூடுவது புதிதாக வந்தவர்கள் செய்யக்கூடிய காரியம்தான். அந்தத் துளை கட்டடக்காரரின் கவனக்குறைவு அல்ல. சுடருக்காகவே விட்டது.

உள்ளூர்க் குளிருக்கும் கணக்கு இதேதான். மூணாறில் சில ஜனவரிகளில் பூஜ்யம் வரை இறங்குகிறது; உதகையும் கொடைக்கானலும் அப்படித்தான். அங்கே அறைக்குள் கரி அடுப்பு வைத்துத் தூங்கி இறந்தவர்கள் பற்றிய செய்திகள் பத்திரிகைகளுக்குப் புதிதல்ல. குளியலறை கேஸ் கீசரும் அந்த வகைதான். மெக்கானிக் வந்து பர்னரைப் பார்த்திருக்கலாம். புகைக் குழாயை வெளியே விடாமல் போயிருந்தால் பார்த்ததற்குப் பயனில்லை. விடுதிக்கு போன் செய்யும்போது வெந்நீர் உண்டா, கார் நிறுத்த இடம் உண்டா என்று கேட்கிறவர்கள் இன்னும் இரண்டு கேள்வி கேட்கலாம். ஹீட்டர் மின்சாரமா, கேஸா? கேஸ் என்றால் புகை எங்கே போகிறது? பதில் வரத் தாமதமானால் கூடுதலாக இரண்டு கம்பளி கேட்டு வாங்கிக்கொண்டு, தூங்கப் போகுமுன் ஹீட்டரை அணைத்துவிடலாம். பேட்டரியில் ஓடும் மோனாக்சைடு அலாரம் உள்ளங்கை அளவுதான். பெட்டியில் துணிகளுக்கு நடுவே அடங்கும்.