'விளங்கிக்கொள்வர்' எண்டு எழுதாதேங்கோ

சனிக்கிழமையளில சென் ஜேம்ஸ் ரவுணில ஒரு மாடிக்கட்டடத்தின்ர கீழ் அறையில சின்னப்பிள்ளையளுக்குத் தமிழ் படிப்பிக்கிறனான். சம்பளமில்லை. கல்வியியல் படிக்கிற எனக்கு அதுவும் ஒரு பயிற்சி எண்டு வைச்சுக்கொள்ளுங்கோவன்.

போன மாதம் காகமும் நரியும் கதை. பாடக்குறிப்பில் "மாணவர்கள் கதையை விளங்கிக்கொள்வர்" என்று நோக்கம் எழுதியிருந்தேன். கதை சொல்லி, "விளங்கினதோ?" எண்டு கேட்க, எல்லாத் தலையும் ஆடிச்சுது. வடை சுட்டது ஆர், எடுத்தது ஆர் எண்டு ஐந்து கேள்வி. எல்லாருக்கும் முழுப்புள்ளி. எனக்கு ஒரே புளுகம்.

முடிஞ்சு எலிவேற்றருக்கு நிக்கேக்க ஒரு அம்மம்மா பேத்தியைக் கேட்டா: "இண்டைக்கு என்ன பிள்ளை படிச்சனீ?"

"காகம்."

"காகம் என்ன செய்தது?"

பிள்ளை சிரிச்சுப்போட்டுத் தலையைக் குனிஞ்சிட்டுது. முழுப்புள்ளி எடுத்த பிள்ளை!

பிழை பிள்ளையில இல்லை, என்ர வசனத்தில. 'விளங்கிக்கொள்வர்' கண்ணால் பார்க்கமுடியாத வினை. ரொபேர்ட் மேகர் 1962இலேயே இதைப் பற்றி ஒரு சின்னப் புத்தகம் எழுதிவிட்டார். அவர் கேட்பது மூன்றுதான்: மாணவர் எதைச் செய்து காட்டுவார்? எந்த நிலைமையில்? எந்தளவு சரியாக?

அதற்கு முன்பே, 1956இல், பெஞ்சமின் புளூம் குழுவினர் சிந்தனையை ஆறு படிகளாக வகுத்திருந்தார்கள். புளூம் சிகாகோ பல்கலைக்கழகத்தில் பரீட்சைகளுக்குப் பொறுப்பாக இருந்தவர். 2001இல் அன்டர்சனும் கிராத்வோலும் அதைத் திருத்தி, பெயர்ச்சொற்களாக இருந்த படிகளை வினைகளாக்கினார்கள். ஊரில ஆசிரியர் வழிகாட்டியளில 'கற்றற் பேறுகள்' எண்டு பார்த்திருப்பியள், கிட்டத்தட்ட அதே சாமான்தான். ஒன்ராறியோப் பள்ளிக்கூடங்களும் அறிவும் விளக்கமும், சிந்தனை, தொடர்பாடல், பிரயோகம் எண்டு நாலாப் பிரிச்சுத்தான் பிள்ளையளை மதிப்பிடுகினம்.

அண்டிரவு அந்த ஒரு கதைக்கே ஆறு நோக்கம் எழுதிப் பார்த்தேன்:

நினைவுகூரல்: கதையில் வருபவர்களின் பெயர்களைச் சொல்வர்.
விளங்குதல்: புத்தகம் பாராமல் ஐந்து வசனங்களில் தம் சொற்களில் கதையைக் கூறுவர்.
பிரயோகித்தல்: நரியின் புகழ்ச்சிச் சொற்கள் மூன்றைப் பாவித்து அம்மாவிடம் ஒரு பொருள் கேட்பர்.
பகுத்தல்: நரி சொன்னதில் உண்மை எது, முகஸ்துதி எது என்று பிரித்துக் காட்டுவர்.
மதிப்பிடல்: ஏமாந்தது ஆருடைய பிழை என்று இரண்டு காரணங்களோடு வாதிடுவர்.
படைத்தல்: காகமே சொல்வதுபோல் கதையை மாற்றிச் சொல்வர்.

என்னுடைய ஐந்து கேள்வியும் முதற்படியிலேயே நிண்டது அப்பதான் தெரிஞ்சுது. நோக்கம் ஒரு படியில, கேள்வி இன்னொரு படியில.

அதுக்காக மனனம் கீழ்த்தரம் எண்டு நினைக்காதேங்கோ. அ, ஆ பாடமில்லாட்டி எதை வாசிக்கிறது? இன்னொண்டு, வினையை மாத்தினாப் போல படி ஏறாது. காரணம் ரெண்டையும் நானே சொல்லிக்குடுத்து, பிள்ளை அதைத் திருப்பிச் சொன்னால், 'வாதிடுவர்' எண்டு எழுதியிருந்தாலும் அது நினைவுகூரல்தான்.

அடுத்த கிழமை ஆறையும் செய்யேல்லை, நேரம் காணாது. ரெண்டாவதும் ஐந்தாவதும் மட்டும். அந்தப் பிள்ளைக்கு ஐந்து வசனத்தில மூண்டுதான் வந்தது, அதிலயும் பாதி இங்கிலிஷ். பிழை ஆருடையது எண்டு கேட்டன். யோசிச்சுப்போட்டுச் சொன்னாள்: "பாட்டி. வடையை ஏன் மூடி வைக்கேல்லை? காகத்துக்குப் பசிக்கும்தானே?"

திரும்பவும் எலிவேற்றரடி. இந்த முறை பேத்தி தானாகவே தொடங்கினாள். அம்மம்மா விடேல்லை: "களவு களவுதான் பிள்ளை!" "இல்லை அம்மம்மா, அதுக்குப் பசி!" எலிவேற்றர் வந்து கதவு திறந்து மூடிக்கொண்டு போட்டுது. ரெண்டு பேரும் கவனிக்கேல்லை.

நானும் அண்டைக்குப் புள்ளி போட மறந்துபோனன்.