காங்கேசன்துறையில் சில மணி நேரம்தான்... எதைப் பார்ப்பது, எதை விடுவது?

2023 ஜூனில் சென்னைத் துறைமுகத்தில் இருந்து 'எம்ப்ரஸ்' சொகுசுக் கப்பல் இலங்கைக்குக் கிளம்பியபோது, அம்பாந்தோட்டை, திருகோணமலையோடு காங்கேசன்துறையும் பட்டியலில் இருந்தது. ஆவடி, அம்பத்தூர்க்காரர்கள் பீச் ஸ்டேஷன் வரை மின்சார ரயிலில் போய், வெளிநாட்டுக்குக் கப்பல் ஏறலாம். ஆனால், கரையில் கிடைப்பது சில மணி நேரம்தான்.

முதலில் கேட்டு வைக்க வேண்டியது, கப்பலுக்குத் திரும்ப வேண்டிய கடைசி நேரம். அதில் ஒரு மணி நேரத்தைக் கழித்துவிட்டு, மிச்சத்துக்குத் திட்டம் போடுங்க. இரண்டு நாட்டுக்கும் கடிகாரம் ஒன்றுதான். அந்தக் குழப்பம் இல்லை.

யாழ்ப்பாணம் நகரம் சுமார் 20 கி.மீ. மதியம் நடை சாத்திவிடுவார்கள் என்பதால் நல்லூர் கந்தசுவாமி கோயிலுக்கே முதலில் போய்விடுவது நல்லது. ஆண்கள் சட்டையைக் கழற்றித்தான் உள்ளே போகணும். அடுத்து, 1981-ல் எரிக்கப்பட்டு மீண்டும் எழுந்த பொது நூலகம். பக்கத்திலேயே போர்த்துக்கீசியர் கட்டி, டச்சுக்காரர்கள் விரிவாக்கிய கோட்டை. கடலை ஒட்டிய கீரிமலை நன்னீர்க் கேணி துறைமுகத்துக்கு அருகில்தான் இருக்கிறது. அதைக் கடைசியில் வைத்தால் பதற்றம் இருக்காது.

நயினாதீவு ஆசை மட்டும் இந்த முறை வேண்டாம். குறிகாட்டுவான் போய்ப் படகு பிடிக்கணும். படகு தாமதமானால் கப்பல் காத்திருக்காது.