மூன்று கிலோமீட்டர், ஆறு மணி நேரம்

ஆஸ்திரேலியாவின் சிட்னி நகருக்கு மேற்கே மணற்கல் மலைகள் பரந்து கிடக்கின்றன. அவற்றைப் ‘புளூ மவுண்டன்ஸ்’ என்று அழைக்கின்றனர். இம்மலைகளையும் அவற்றைச் சூழ்ந்த காடுகளையும் யுனெஸ்கோ 2000ஆம் ஆண்டில் உலகப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. நமது கினபாலு பூங்காவும் அதே ஆண்டில்தான் அப்பட்டியலில் இடம்பெற்றது. ஏறத்தாழ 10,300 சதுர கிலோமீட்டர் பரப்புடைய அந்த ஆஸ்திரேலியக் காடு, மலாக்கா மாநிலத்தைப் போல் ஏறத்தாழ ஆறு மடங்கு.

இம்மலைகளில் நூற்றுக்கணக்கான பிளவுப் பள்ளத்தாக்குகள் ஒளிந்துள்ளன. மணற்கல் பாறையில் இயல்பாகவே நீண்ட வெடிப்புகள் உண்டு. ஓடை நீர் அவ்வெடிப்புகளில் புகுந்து, மணலையும் கூழாங்கற்களையும் உருட்டிக்கொண்டு, பல இலட்சம் ஆண்டுகளாகப் பாறையை அறுத்துக்கொண்டே போகிறது. முடிவில் ஆழம் மிகுதியாகவும் அகலம் மிகக் குறைவாகவும் உள்ள ஒரு பிளவு உருவாகிறது. சில இடங்களில் இரு கைகளையும் விரித்தால் இரு பக்கச் சுவர்களையும் தொடலாம். வெயில் எட்டாத அடித்தளத்தில் கோடைக்காலத்திலும் நீர் உறைய வைக்கும் குளிர்ச்சியுடன் இருக்கும்.

இத்தகைய பள்ளத்தாக்கில் இறங்குவோர் கயிறுகளையும் இடுப்புப் பட்டைகளையும் குளிர் தாங்கும் ரப்பர் உடைகளையும் சுமந்து செல்வர். ஆயினும், பயணத்தின் மிகக் கடினமான பகுதி எது என்று கேட்டால், பலர் அருவியையோ கயிற்றையோ குறிப்பிடுவதில்லை. பள்ளத்தாக்கின் வாயிலை அடையும் வரையுள்ள புதர்க்காட்டையே குறிப்பிடுவர்.

நாம் ‘பெலுக்கார்’ என்று அழைக்கும் அடர்ந்த இளங்காட்டை நினைத்துப் பாருங்கள். புளூ மவுண்டன்ஸ் பகுதியின் புதர்க்காடும் அதைப் போன்றதே. ஆனால், அது உருவாகும் விதம் வேறு. அங்கு அடிக்கடி காட்டுத்தீ பரவுகிறது. தீ அணைந்த சில ஆண்டுகளில், வெறுமையான நிலத்தில் அக்கேசியா போன்ற செடிகள் நெருக்கமாக முளைத்து ஆள் உயரத்துக்கு வளர்ந்துவிடும். அவற்றுக்கிடையே ஊசிபோன்ற இலைகளை உடைய புதர்களும், தோலைக் கீறும் கூரிய விளிம்புடைய கோரைப் புற்களும், காலைச் சுற்றும் கொடிகளும் நிறைந்திருக்கும். எரிந்து விழுந்த மரங்கள் இவற்றின் அடியில் மறைந்து கிடக்கும். பாராங் கத்தியால் வெட்டி வழி அமைக்கலாமே என்று தோன்றலாம். அது தேசியப் பூங்கா. செடிகொடிகளை வெட்டுவது குற்றம். உடம்பால் தள்ளிக்கொண்டுதான் முன்னேற வேண்டும். பத்து ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட வழிக்குறிப்பில் ‘எளிய நடை’ என்று இருந்தாலும், இடையில் ஒரு தீ வந்து போயிருந்தால் அக்குறிப்பை நம்ப முடியாது.

ஸ்காட்லாந்தைச் சேர்ந்த நேய்ஸ்மித் என்ற மலையேறி 1892ஆம் ஆண்டில் ஓர் எளிய விதியை வகுத்தார். அதன்படி, ஏறத்தாழ 5 கிலோமீட்டர் நடக்க ஒரு மணி நேரமும், ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரமும் கணக்கிட வேண்டும். வரைபடத்தில் பள்ளத்தாக்கின் வாயில் 3 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. வழியில் 300 மீட்டர் ஏற்றமும் உள்ளது என்று வைத்துக்கொள்வோம். விதிப்படி நடைக்கு 36 நிமிடமும் ஏற்றத்துக்கு 30 நிமிடமும் ஆகும். மொத்தம் 66 நிமிடமே.

இவ்விதி பாதை உள்ள இடத்துக்குப் பொருந்தும். அடர்ந்த புதரில் ஒரு மணி நேரத்துக்கு ஒரு கிலோமீட்டர் கடந்தாலே நல்ல வேகம். மோசமான இடங்களில் அரைக் கிலோமீட்டர்கூடப் போக முடியாது. அரைக் கிலோமீட்டர் என்றே கணக்கிட்டாலும், அந்த 3 கிலோமீட்டருக்கு ஆறு மணி நேரம் தேவை.

அடுத்து, பள்ளத்தாக்கினுள் எவ்வளவு நேரம் ஆகும்? ஆறு பேர் கொண்ட குழு. கயிற்றில் இறங்க வேண்டிய அருவிகள் நான்கு. ஒருவர் ஓர் அருவியில் இறங்கப் பத்து நிமிடம் எடுத்தால், இறங்குவதற்கு மட்டும் நான்கு மணி நேரம். வெளியேறி ஏறி வர மூன்று மணி நேரம் என்று வையுங்கள். மொத்தம் பதின்மூன்று மணி நேரம். சிட்னி வட்டாரத்தில் ஜூன் மாதப் பகல் ஏறத்தாழ பத்து மணி நேரமே. கணக்கு அங்கேயே உதைக்கிறது. டிசம்பரில் பகல் பதினான்கு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். அப்படியானால் டிசம்பரில் போகலாம் அல்லவா? போகலாம். ஆனால், கோடைப் பிற்பகல்களில் அங்கு இடியுடன் கூடிய மழை பெய்வதுண்டு. மேலே எங்கோ பெய்யும் மழை, குறுகிய பிளவினுள் சில நிமிடங்களில் வெள்ளமாகப் பாயும். ஆறு மணி நேரப் புதர்நடை, குழுவைச் சரியாக அந்த ஆபத்தான பிற்பகல் வேளையில் பள்ளத்தாக்கினுள் கொண்டுபோய் நிறுத்திவிடும்.

நேர்வழியை விட்டுச் சுற்றுவழியில் போவது சில வேளைகளில் விரைவானது. மலைமுகடுகளில் மண் குறைவு, பாறை அதிகம். ஆகவே, புதரும் பெரும்பாலும் சற்றுக் குறைவாக இருக்கும். ஓடைக்கரையில் ஈரமும் நிழலும் இருப்பதால் செடிகள் அடர்ந்திருக்கும். இது புதிய கண்டுபிடிப்பு அன்று. அந்நிலத்தின் பூர்வகுடிகள் பல்லாயிரம் ஆண்டுகளாக அம்மலைகளின் வழிகளை அறிந்திருந்தனர். குடியேறிய ஆங்கிலேயரோ பள்ளத்தாக்குகளின் வழியே போக முயன்று, செங்குத்துப் பாறைகளில் முட்டித் திரும்பினர். 1813ஆம் ஆண்டில் பிளாக்ஸ்லேண்ட், லாசன், வென்ட்வொர்த் ஆகிய மூவரின் குழு, முகடுகளைப் பற்றிக்கொண்டு சென்று 21 நாளில் மலைகளைக் கடந்தது.

புதர்நடை களைப்பு தரும் என்பது மட்டுமன்று இங்குள்ள சிக்கல். புதரில் எவ்விடத்திலும் ‘போதும்’ என்று திரும்பிவிடலாம். பள்ளத்தாக்கில் அது முடியாது. அருவியில் இறங்குவோர் நீண்ட கயிற்றை ஒரு மரத்தில் சுற்றி, இரு முனைகளையும் கீழே தொங்கவிட்டு இறங்குவர். அடுத்த அருவிக்கும் அதே கயிறு வேண்டும். எனவே, கீழே சென்றதும் ஒரு முனையை இழுத்துக் கயிற்றை உருவிக்கொள்வர். கயிறு கீழே விழுந்த பிறகு வந்த வழி மூடிவிடும். அதன்பின் ஒரே வழி, மறுமுனை வரை செல்வதுதான். ஆகையால் களைப்பு, காயம், தாமதம் அனைத்தையும் எடைபோட வேண்டிய இடம், முதல் கயிற்றுக்கு முன்னால் உள்ள புதர்க்காடே.

இதன் கடுமையை நம் நாடே கண்டிருக்கிறது. கினபாலு மலையின் வடபுறத்தில் ‘லோஸ் கல்லி’ என்ற மிக ஆழமான பள்ளத்தாக்கு உள்ளது. 1994ஆம் ஆண்டு பிப்ரவரியில் பிரிட்டிஷ் இராணுவக் குழு ஒன்று அதில் இறங்கியது. பத்துப் பேரில் ஐவர் முன்னே சென்று, காட்டினுள் வழி தேடி வெளியேறினர். எஞ்சிய ஐவரும் மழைக்கும் அருவிகளுக்கும் இடையே, முன்னேறவும் முடியாமல் ஏறவும் முடியாமல் சிக்கிக்கொண்டனர். உணவு தீர்ந்தது. மார்ச் மாத இறுதியில்தான் ஹெலிகாப்டர் அவர்களைக் கண்டு மீட்டது.

இதனால்தான் அனுபவமுள்ள குழுவினர் புறப்படும் முன்பே ஒரு திரும்பும் நேரத்தை முடிவு செய்வர். ‘காலை பதினொரு மணிக்குள் வாயிலை அடையாவிட்டால் திரும்புவோம்’ என்பது போன்ற ஓர் உடன்பாடு அது. அதை வீட்டிலேயே முடிவு செய்வது நல்லது. ஐந்து மணி நேரம் முட்களோடு போராடிய பின், ‘இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே’ என்ற எண்ணம் யாருக்கும் எழும். எனக்குத் தெரிந்தவரை, புதரின் முட்களைவிட அவ்வெண்ணமே குழுவை அதிகமாக இழுத்துச் செல்கிறது. மேலும், ஆழ்ந்த பிளவினுள் கைப்பேசி இயங்காது. வானம் மறைந்திருப்பதால் செயற்கைக்கோள் சமிக்ஞையும் எளிதில் கிடைக்காது. புளூ மவுண்டன்ஸ் வட்டாரத்தில் பயணத் திட்டத்தை முன்கூட்டியே காவல்துறையிடம் பதிவு செய்யலாம். அவசர சமிக்ஞைக் கருவியையும் இலவசமாக இரவல் பெறலாம்.

முடியுமா என்ற கேள்விக்கு விடை கிடைத்த பிறகும், போகத்தான் வேண்டுமா என்ற கேள்வி நிற்கிறது. இதே மலைகளில் அமைந்த வொல்லெமை தேசியப் பூங்காவில், 1994ஆம் ஆண்டு செப்டம்பரில், டேவிட் நோபல் என்ற பூங்கா அதிகாரி நண்பர்களுடன் ஒரு தொலைதூரப் பள்ளத்தாக்கில் இறங்கினார். அதுவரை அறிவியல் உலகம் உயிருடன் கண்டிராத ஒரு மரத்தை அங்குக் கண்டார். அதற்கு ‘வொல்லெமை பைன்’ என்று பெயரிட்டனர். இயற்கையில் வளர்ந்த மரங்கள் நூறுகூட இல்லை. புதரும் பாறையும் ஆட்களைத் தடுத்ததால் அவை யார் கண்ணிலும் படாமல் பிழைத்திருந்தன. அவ்விடத்தை அரசு இன்றுவரை வெளியிடவில்லை. அப்படியிருந்தும் 2005ஆம் ஆண்டில் வேரை அழுகச் செய்யும் நுண்ணுயிர் ஒன்று அங்குக் காணப்பட்டது. அனுமதியின்றி வந்தோரின் காலணி மண்ணில் ஒட்டி வந்திருக்கலாம் என்ற அச்சம் எழுந்தது. 2019ஆம் ஆண்டு இறுதியில் பெருந்தீ நெருங்கியபோது, தீயணைப்பாளர்கள் ஹெலிகாப்டரிலிருந்து இறக்கப்பட்டு அம்மரங்களுக்கு நீர் தெளிக்கும் அமைப்பைப் பொருத்தினர். பெரும்பாலான மரங்கள் தப்பின. இன்று அங்குச் செல்ல அனுமதி பெற்ற ஆய்வாளர்களும் காலணிகளையும் கருவிகளையும் கிருமிநீக்கியால் கழுவிய பின்னரே உள்ளே இறங்குகின்றனர்.